ஒரு புல்லினத்தின் பிறப்பு

கழுதைக்கும் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை உழைப்பிற் சிறந்தது. சுமையையும் நெடுவழியையும் தாங்க வல்லது. ஆயினும் அதற்குச் சந்ததி இல்லை. இவ்வுண்மையைப் பண்டைக்காலந் தொட்டே மக்கள் அறிந்திருந்தனர். ஓரினம் வேறோரினத்தோடு கலந்தால் அக்கலப்பு ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் என்றும், இனங்களுக்கிடையே இயற்கை இட்டுவைத்த வேலி அதுவே என்றும் அறிஞரும் நெடுங்காலம் நம்பினர். விலங்குகளைக் கண்டு எழுந்த இந்நம்பிக்கை மரஞ்செடிகொடிகளுக்கும் பொருந்துமா? அன்றி, தாவர உலகில் இனக்கலப்பு ஒரு முடிவாகாமல் தொடக்கமாகவும் அமையக்கூடுமா? இவ்வினாவுக்குத் தக்க விடை கிடைக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடையின் ஒரு பெரும்பகுதியை நமக்குத் தந்தது மாளிகைத் தோட்டத்து மலரன்று. இங்கிலாந்தின் தென்கரையிற் கடற்சேற்றில் முளைத்த ஒரு புல். அப்புல்லின் வரலாற்றையே இங்கு கூற முற்படுகின்றோம்.

வரலாறு 18ஆம் நூற்றாண்டில் தொடங்குகின்றது. தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் தேசத்து லின்னேயஸ், தம் இளமையில், படைப்புக்காலத்தில் எத்தனை இனங்கள் தோன்றினவோ அத்தனையே இன்றும் உள்ளன என்று உறுதியாக எழுதியவர். பிற்காலத்தில் அவருடைய உறுதி தளர்ந்தது. மஞ்சட் பூவுடைய ஒரு செடியையும் ஊதாப் பூவுடைய அதன் உறவுச்செடியையும் தம் தோட்டத்திற் கலந்து, கலப்புச்செடி ஒன்றைப் பெற்றார். கலப்பினாற் புதிய இனங்கள் தோன்றக்கூடும் என்று அவர் எழுதிய கட்டுரைக்கு உருசிய நாட்டின் சென் பீற்றர்ஸ்பேர்க் அறிவியற் கழகம் 1760இற் பரிசளித்தது.

அதே ஆண்டில், அதே நகரில், யோசப் கோல்ரொய்ட்டர் என்னும் செருமானிய அறிஞர் வேறொரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நாம் காணும் புகையிலைக்கு நெருங்கிய உறவான இரண்டு இனங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றின் பெயர் நிக்கோற்றியானா றஸ்ரிக்கா. மற்றையதன் பெயர் நிக்கோற்றியானா பானிக்குலாற்றா. ஒன்றன் மகரந்தத்தை மற்றதன் பூவில் இட்டார். விதைகள் விளைந்தன; முளைத்தன; அடுத்த ஆண்டு பூத்தன. தோற்றத்தில் அச்செடிகள் இரு பெற்றோருக்கும் நடுநிகராய் நின்றன. ஆனால் அவற்றின் மகரந்தம் சுருங்கிச் சாரமற்றிருந்தது. தம் மகரந்தத்தால் அவை ஒரு விதையும் ஈனவில்லை. தாவர உலகின் முதலாவது கோவேறு கழுதை இதுவே என்று கோல்ரொய்ட்டர் எழுதினார். அவர் இதனாற் கவலையுற்றாரல்லர், மனநிறைவே எய்தினார். கலப்புக்கள் எல்லாம் விதையீன்று பெருகுமாயின் படைப்பின் ஒழுங்கு குலைந்துவிடுமன்றோ! இயற்கை தன் வேலியைக் காத்துக்கொண்டது என்பதே அவர் கருத்து.

அக்கருத்து எளிதில் மாறவில்லை. 1859இல் வெளிவந்த இனங்களின் தோற்றம் என்னும் நூலில், சார்ல்ஸ் டார்வின் கலப்பினங்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். அவ்வியலின் பெரும்பகுதி மலட்டுத்தன்மையைப் பற்றியது. சிறு சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, இயற்கைத் தேர்வினாற் புதிய இனம் உருவாகும் என்பதே அவர் கொள்கை. அது மெல்ல நிகழ்வது. மனித வாழ்நாளிற் காண முடியாதது. அவர் அந்நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய நாட்டின் தென்கரையிலேயே ஒரு புதிய இனத்தின் பிறப்புக்கு வேண்டிய ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன.

சௌதாம்ரன் துறைமுகத்தை அடுத்துள்ள கடல்நீர்ப்பரப்பு, வற்றுப்பெருக்குக்கு ஏற்ப மூடித் திறக்கும் அகன்ற சேற்றுவெளிகளைக் கொண்டது. அங்கு ஸ்பாட்டினா என்னும் சாதியைச் சேர்ந்த புல்லினம் ஒன்று தொன்றுதொட்டு வளர்ந்து வந்தது. அதனை நாம் ஐரோப்பிய உவர்ப்புல் என்று அழைப்போம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே சாதியைச் சேர்ந்த வேறோர் இனம் அங்கு வந்து வேரூன்றியது. இது வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரைக்கு உரிய அமெரிக்க உவர்ப்புல். கப்பல்களில் அடிப்பாரமாக ஏற்றப்பட்ட மண்ணோடு அது வந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகின்றது. பேராழி ஒன்று பிரித்துவைத்திருந்த இரு உறவினங்களை மனிதனின் வாணிகம் ஒரே சேற்றிற் கொண்டுவந்து சேர்த்தது.

1870இல், அந்நீர்ப்பரப்பின் கரையிலுள்ள ஹைத் என்னும் ஊரில், இரண்டையும் ஒத்து இரண்டினின்றும் வேறுபட்ட ஒரு புல் சேகரிக்கப்பட்டது. பிரெடரிக் ரௌன்சென்ட் என்னும் தாவரவியலாரின் நினைவாக அதற்கு ஸ்பாட்டினா ரௌன்சென்டியை என்று பெயரிட்டனர். அது விதையற்றது, நிலத்தடித் தண்டினால் மட்டும் பரவியது. கோல்ரொய்ட்டரின் புகையிலைச் செடிபோல் இதுவும் ஒரு கோவேறு கழுதையே. வரலாறு இவ்வளவில் நின்றிருக்குமாயின் இப்புல்லைப் பற்றி இன்று பேச வேண்டியிராது.

1890ஆம் ஆண்டையடுத்து நிலைமை மாறியது. 1892இல் லிமிங்ரன் என்னும் ஊரருகே எடுக்கப்பட்ட புல்லில் வளமான மகரந்தமும் விதையும் காணப்பட்டன. அதன்பின் அப்புல் கரைநெடுகப் படர்ந்தது. 1899இல் மேற்கேயுள்ள பூல் துறைமுகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அது, கால் நூற்றாண்டுக்குள் அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட சேற்றுவெளியைப் பசும்புல்வெளி ஆக்கிவிட்டது. மலடாய்ப் பிறந்த ஒன்று எங்ஙனம் விதையீன்றது? இரு பெற்றோரும் செல்லத் துணியாத ஆழ்சேற்றில் அது எங்ஙனம் வாழ்ந்தது? இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். முதலாவதற்கு முதலில் விடை காண்போம்.

உயிர்க்கலத்தின் கருவினுள் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைச் சந்ததிக்குக் கொண்டுசெல்லும் பரம்பரையலகுகள் அவற்றிலேயே அமைந்திருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் வருகின்றன. மகரந்தமும் சூலும் உண்டாகும் வேளையில், தாய்வழி வந்த ஒவ்வொரு நிறமூர்த்தமும் தந்தைவழி வந்த தன் இணையைத் தேடிச் சேர்ந்து, பின்னர் ஒழுங்காகப் பிரிதல் வேண்டும். இதனைக் கோலாட்டத்துக்கு ஒப்பிடலாம். ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு துணை நின்றாலன்றி ஆட்டம் நடைபெறாது. கலப்பினத்திலோ தாய்வழித் தொகுதியும் தந்தைவழித் தொகுதியும் வெவ்வேறு இனத்தன. துணை அறியாது அவை தடுமாறும், பிரிவு சீர்கெடும், மகரந்தம் சாரமற்றுப்போகும். கோல்ரொய்ட்டர் கண்ட சுருங்கிய மகரந்தத்தின் காரணம் இதுவே.

இத்தடையை நீக்க ஒரு வழி உண்டு என்று 1917இல் டென்மார்க்கு நாட்டவரான ஓயிவிண்ட் விங்கே கூறினார். கலப்புச்செடியில் ஏதோ ஒரு தவறினால் நிறமூர்த்தங்கள் யாவும் இருமடங்காகுமாயின், ஒவ்வொன்றுக்கும் அதன் நேர்ப்படியே துணையாகிவிடும். ஆட்டம் மீண்டும் தொடங்கும். அச்செடி விதையீனும். அதுமட்டுமன்று, பெற்றோரின் எண்ணிக்கையோடு அதன் எண்ணிக்கை பொருந்தாமையால், அவற்றோடு மீளக் கலந்து கரைந்துபோகாமலும் நிற்கும். அஃதாவது, ஒரே அடியில் அது தனியினமாகிவிடும். இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் தோன்றிய கலப்பினப் பிறிமுலாச் செடி இதற்குச் சான்றாயிற்று. மலடாயிருந்த அச்செடியில் 18 நிறமூர்த்தங்கள். பின்னர் அதிலிருந்து கிடைத்த விதையீனும் செடிகளில் 36.

இதனைச் சோதனையால் மேலும் தெளிவாகக் காட்டியவர் சோவியத்து நாட்டின் கியோர்கி கார்ப்பெச்சென்கோ. அவர் 1920களில் முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்தார். ஒவ்வொன்றிலும் 18 நிறமூர்த்தங்கள். கலப்புச்செடிகள் பெரும்பாலும் மலடாகவே இருந்தன. எனினும் அவற்றிற் சில விதைகள் கிடைத்தன. அவ்விதைகளிலிருந்து 36 நிறமூர்த்தங்களையுடைய வளமான செடிகள் வளர்ந்தன. வேறு வேறு சாதிகளைச் சேர்ந்த தாவரங்களிடையே, முன்பு உலகில் இல்லாத விதையீனும் தாவரம் ஒன்றை மனிதன் ஆக்கிக்காட்டினான். அதனை ஆக்கியவரின் முடிவோ துயரமானது. பிறப்புரிமையியலை மறுத்த லைசென்கோ குழுவினரின் செல்வாக்கு ஓங்கிய அந்நாட்டில், கார்ப்பெச்சென்கோ 1941இற் கைதுசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு விதையின் உண்மையைச் சொல்வதற்கும் விலை கொடுக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வறிவின் துணைகொண்டு, லியோனாட் ஹஸ்கின்ஸ் என்பவர் 1930இற் சௌதாம்ரன் புல்லின் புதிரை விடுவித்தார். ஐரோப்பிய உவர்ப்புல்லில் 56, அமெரிக்க உவர்ப்புல்லில் 70, விதையீனும் புதிய புல்லில் 126 என்று அவர் எண்ணினார். ஐம்பத்தாறும் எழுபதும் கூடினால் நூற்றிருபத்தாறு. கணக்கு மிக அழகாகப் பொருந்தியது. ஆனால் அழகாகப் பொருந்தும் கணக்கெல்லாம் சரியான கணக்காகிவிடாது. 1963இல் மார்ச்சன்ற் என்னும் ஆய்வாளர் மீண்டும் எண்ணியபோது, பெற்றோரில் 60, 62 என்றும், மலட்டுப்புல்லில் 62 என்றும், விதையீனும் புல்லில் 120 முதல் 124 வரை என்றும் கண்டார். எண்கள் திருத்தம் பெற்றன. ஆனால் கலப்பும் இருமடங்காதலுமே புதிய இனத்தைத் தந்தன என்னும் முடிவு நிலைத்தது. 1968இற் சார்ல்ஸ் ஹபட் அப்புல்லுக்கு ஸ்பாட்டினா ஆங்கிலிக்கா எனத் தனிப்பெயர் வழங்கினார். 1997இல் வெளிவந்த ஆய்வு, அமெரிக்கப் புல்லே தாய் என்பதைப் பச்சையவுருமணிகளைக் கொண்டு நிறுவியது.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். புதிய இனம் பிறந்தால் மட்டும் போதாது. அது வாழ இடம் வேண்டும். பெற்றோர் வாழும் இடத்திலேயே பெற்றோரோடு போட்டியிட்டுப் புதியது வெல்வது அரிது. ஆங்கில உவர்ப்புல்லுக்கு வாய்த்த இடமோ வெறிதாய்க் கிடந்தது. நீண்ட நேரம் கடல் மூடும் தாழ்ந்த சேற்றில், ஆண்டு முழுவதும் நிலைத்துநிற்கும் உயர்ந்த புல் எதுவும் அக்கரையில் இல்லை. உப்பை இலைவழியே வெளியேற்றும் சுரப்பிகளும், மூச்சற்ற சேற்றினுள் வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் உட்குழாய்களும் இச்சாதிக்கே உரியவை. ஆயின் புதிய புல்லில் இரு பெற்றோரின் பரம்பரையலகுகளும் ஒருங்கே நிலைபெற்றதால், அது பெற்றோரினும் உரமுடையதாய், நீரில் மூழ்கியிருப்பதை அதிகம் பொறுப்பதாய் அமைந்தது. தன் தண்டுகளால் அலையைத் தடுத்து, வண்டலைப் படியவைத்து, தான் நிற்கும் நிலத்தைத் தானே உயர்த்திக்கொண்டது. சூழலுக்கு ஏற்ப அமைதலை இசைவாக்கம் என்கின்றோம். இங்கே கலப்பினால் வந்த இசைவாக்கம் பெற்றோர் இருவருக்கும் எட்டாத இடத்தை எட்டியது.

ஆனால் கலப்பு நேர்ந்த இடமெல்லாம் இவ்வாறு ஆவதில்லை. அதே இரு இனங்கள் பிரான்சு, இசுப்பானியா ஆகிய நாடுகளின் எல்லையிலுள்ள பிடசோவா ஆற்றுமுகத்திலும் சந்தித்தன. அங்கும் ஒரு கலப்புப்புல் பிறந்தது. அதன் நிறமூர்த்தங்கள் இருமடங்காகவில்லை. அது மலடாகவே நின்று, பிறந்த இடத்தைவிட்டு அப்பாற் செல்லவில்லை. கலப்பு ஒரு வாய்ப்பே அன்றி வரம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இருமடங்காகாமலே புதிய இனம் பிறக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் மிசூரித் தாவரத் தோட்டத்தைச் சார்ந்த எட்கார் அண்டர்சன், மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்திலுள்ள ஐரிஸ் மலர்களை ஆராய்ந்தார். கலப்புச்செடிகள் பெற்றோரில் ஒன்றோடு மீண்டும் மீண்டும் கலப்பதால், ஓரினத்தின் பரம்பரையலகுகள் மற்றோரினத்துக்குள் சிறிது சிறிதாகக் கசிந்து புகுகின்றன என்று அவர் கண்டு, 1949இல் நூலாக எழுதினார். காடு வெட்டியும் கால்நடை மேய்த்தும் மனிதன் நிலத்தைக் குலைக்குமிடத்தில் நிலமே கலப்பாகிவிடுகின்றது. அங்கேதான் கலப்புச்செடிக்கும் இடம் கிடைக்கின்றது என்பது அவர் காட்டிய நுட்பம்.

அந்நாட்டின் காட்டுச் சூரியகாந்திகள் இதனை மேலும் விளக்குகின்றன. பரவலாக வளரும் இரண்டு இனங்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கலந்ததால் மூன்று புதிய இனங்கள் தோன்றின. ஒன்று மணற்குன்றில் வளர்கின்றது, ஒன்று வறண்ட பாலைநிலத்தில், மூன்றாவது உவர்ச்சதுப்பில். பெற்றோர் இருவரும் இம்மூவிடத்திலும் வாழமாட்டார். மூன்றிலும் நிறமூர்த்த எண்ணிக்கை பெற்றோருடையதே. லோரன் றீஸ்பேர்க்கும் அவருடைய குழுவினரும் அவ்விரு பெற்றோரையும் மீண்டும் கலந்து வளர்த்து, பழைய கலப்பினங்களின் கடுநில இயல்புகள் அக்கலப்பின் சந்ததிகளில் மறுபடி தோன்றக் கண்டு 2003இல் வெளியிட்டனர். எங்ஙனம் இது இயலும்? ஒவ்வொரு பெற்றோரிடத்தும், உப்பைத் தாங்க உதவும் அலகுகள் சிலவும் உதவாதன சிலவும் கலந்திருக்கின்றன. சந்ததிகளில் அவை பலவாறு மாறிச் சேரும்போது, உதவுவன மட்டும் ஒருசேரப் பெற்ற செடி அரிதாய் ஒன்று பிறக்கும். எஞ்சியவை மடியும், அவ்வொன்று உவர்நிலத்தில் நிற்கும். டார்வின் கூறிய தேர்வு இங்கும் நடைபெறுகின்றது. தேர்வுக்கு வேண்டிய வேறுபாடுகளைக் கலப்பு ஒருங்கே குவித்துக் கொடுக்கின்றது, அவ்வளவே.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். சேற்றைப் பிடித்து நிறுத்தும் புல்லைக் கண்ட மனிதன், கரையைக் காக்கும் காவலாளி கிடைத்தான் என மகிழ்ந்தான். 1924இல் ஒல்லாந்திலும், 1927இற் செருமனியிலும், 1963இற் சீனாவிலும் அது கொண்டுசென்று நடப்பட்டது. சில இடங்களிற் கரை காக்கப்பட்டது மெய்யே. ஆனால் திறந்த சேற்றுவெளி புல்வெளியாக மாறிய இடங்களில், அச்சேற்றிற் புழுவும் நத்தையும் தேடியுண்ணும் கரைப்பறவைகள் தம் மேய்ச்சலை இழந்தன. உலகின் மிகத் தீங்கான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இன்று அதன் பெயரும் உள்ளது. பிரித்தானியக் கரையில் அதன் பெற்றோர் இருவரும் அரிதாகிவிட்டனர். மேலும், தென் இங்கிலாந்தின் பல இடங்களில், அப்புல் சேர்த்த நுண்சேறே நீர்தேங்கி மூச்சடைத்து அதன் வேரை அழுகச் செய்தது. ஓரிடத்துக்கு நன்கு இசைந்தது எவ்விடத்துக்கும் நன்மை செய்யும் என்பதும், என்றும் நிலைக்கும் என்பதும் இயற்கை எழுதித்தந்த உறுதிகள் அல்ல. பேராழி வேறுபடுத்தியதைக் கப்பல் ஒன்று சேர்த்துவிடலாம். சேர்ந்ததை மீண்டும் பிரிக்கக் கப்பல் இல்லை.

இறுதியாக, நாம் தொடங்கிய புகையிலைக்கே மீள்வோம். கோல்ரொய்ட்டர் கலந்த றஸ்ரிக்கா என்னும் இனத்தின் பூர்வீகத்தைப் பிற்கால அறிஞர் ஆராய்ந்தனர். அதன் நிறமூர்த்தங்கள் 48. பண்டைக்காலத்தில் தென் அமெரிக்காவில், பானிக்குலாற்றா அல்லது அதற்கு மிக நெருங்கிய உறவினம் ஒன்றும், உண்டுலாற்றா என்னும் வேறோரினமும் கலந்து, எண்ணிக்கை இருமடங்காகித் தோன்றியதே அது. நம் தோட்டங்களில் வளரும் புகையிலையும் அவ்வாறே 24 நிறமூர்த்தங்களையுடைய இரண்டு காட்டினங்களின் கலப்பிற் பிறந்து 48 ஆனது. இனக்கலப்பினால் இயற்கையில் ஒன்றும் விளையாது என்று மனநிறைவுற்ற அறிஞரின் கையில் இருந்த செடியே ஒரு கலப்பினத்தின் வழித்தோன்றல்! அவர் கண்ட மலட்டுத்தன்மை மெய். அதிலிருந்து அவர் கொண்ட முடிவு மட்டுமே அவசரமானது. வேலி இருந்தது, அவ்வேலியில் மிக அரிதாகத் திறக்கும் ஒரு படலையும் இருந்தது. அப்படலை வழியே வந்தவற்றுள் ஒன்று சௌதாம்ரன் சேற்றிற் பரவி நின்றது. இன்னொன்று யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இலைவிரித்து நிற்கின்றது.